பிஷப்புக்குப் பூசிய மாவு

"பூசை முடிஞ்சதும் ஜூலியா நேரா இங்கதான் வர்றா!" என்று பிரைடி கதவைத் திறக்கும்போதே கத்தினாள். "குட்டி தெளிஞ்சாச்சான்னு தன் கண்ணாலயே பார்க்கணுமாம்."

மர்ட்டி கெல்லிஹர் குட்டியைப் பார்த்தான். குட்டி மர்ட்டியைப் பார்த்தது. மூக்கு, முதுகு, வால், நாலு கால் எல்லாம் கறுப்பு. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"இன்னும் தெளியலையே அக்கா."

"அதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பொறுக்கி எடுத்தவன் நீதானே?"

பொறுக்கி எடுத்தவன் அவன்தான். வினையே அதுதான்.

கெர்ரிச் சீமையில் பிறந்த எங்களுக்கு நாய் என்றால் நீல நாய்தான். பேருக்குத்தான் நீலம், பார்க்கச் சாம்பல். பிறக்கும்போது எல்லாக் குட்டியும் கன்னங்கறுப்பு. ஒரு வயதை ஒட்டி முடி மெல்ல வெளுக்கத் தொடங்கும், இரண்டு வயதுக்குள் நல்ல சாம்பல் நீலமாகிவிடும். அதைத்தான் 'தெளிவது' என்போம். சிலது தெளியாமல் கறுப்பாகவே நின்றுவிடும். அப்படி நின்றுபோன நாய்க்குச் சொந்தக்காரனை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். நாயைப் பார்ப்பார்கள், அவனைப் பார்ப்பார்கள், பிறகு வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் கிடையாது.

மர்ட்டியின் ஆண் நாய் மேஜர் சுற்றுவட்டாரத்திலேயே அழகான நீலம். ஜூலியா ஸ்கேனலின் பெட்டை ஜெஸ்ஸியோ வயதாகியும் தெளியாத கறுப்பு. "அப்பன் வழியிலயாவது நீலம் வரட்டுமே" என்றுதான் ஜூலியா ஜெஸ்ஸியோடு சேர்க்க மேஜரைக் கேட்டாள். இதற்கு ஆண் நாய்க்காரன் காசு வாங்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். குட்டி போட்டதும் முதல் குட்டியைப் பொறுக்கும் உரிமை அவனுக்கு. அவன் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கைவைக்கலாம்.

அந்த உரிமையை மர்ட்டி எப்படிக் கொண்டாடினான் என்கிறீர்கள்! ஜூலியாவின் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்குக் கூடையில் நாலு குட்டி. சாராயக்கடை கோர்னியும் தபால் ஆபீஸ் மிஸ் ப்ரீனும் ஆளுக்கொன்று சொல்லிவைத்திருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மர்ட்டி ஒவ்வொன்றாகத் தூக்கினான். வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பார்த்தான். வயிற்று முடியை ஊதிப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் கைதட்டி எது திரும்புகிறது என்று பார்த்தான்.

"யோவ், குட்டி எடுக்கறியா, குதிரை வாங்கறியா?" என்றான் கோர்னி.

"அவசரப்படாதே. எது சீக்கிரம் தெளியும்னு கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன். இதோ, இவன்தான். மத்ததெல்லாம் தெளிஞ்சாலும் சுமாராத்தான் தெளியும்."

பேச்சு கொஞ்சம் அதிகம்தான். அதை மிஸ் ப்ரீன் தபாலோடு தபாலாக ஊர் முழுக்கக் கொண்டுசேர்த்துவிட்டாள். யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்ததால் குட்டிக்கு பிஷப் என்று பெயர் வைத்தான்.

மற்றவர்கள் போன பிறகு மர்ட்டி தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான். அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனால் கல்யாணமாகாதவனை எத்தனை வயதானாலும் 'பையன்' என்றுதான் நாங்கள் சொல்வோம்.

"ஜூலியா, இன்னொண்ணு உங்ககிட்ட கேட்கணும்னு..."

ஜூலியா கூடையை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். புருஷன் செத்துப்போய்ச் சில வருஷங்களாகத் தனியாகவே பண்ணையைப் பார்த்துக்கொள்கிறவள். சட்டென்று சிரித்துவிட மாட்டாள். அன்றைக்குச் சிரித்தாள்.

"என்ன கேட்கப்போறீங்கன்னு எனக்குத் தெரியும் மர்ட்டி. இந்தக் குட்டி தெளியற அன்னைக்கு வந்து கேளுங்க. அதுவரைக்கும் எனக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்."

அன்றிலிருந்து மர்ட்டி தினமும் பிஷப்பின் முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். ஒரு வயது முடிந்து சில மாதங்களும் போய்விட்டன. ஒரு முடிகூட வெளுக்கவில்லை. இப்போது ஜூலியா வாசலுக்கே வரப்போகிறாள்.

பிரைடி ரொட்டிக்குப் பிசைந்தபோது சிந்திய மாவு மேஜைமேல் கொஞ்சம் கிடந்தது. மர்ட்டி விரலால் தொட்டான். தொட்ட விரலை பிஷப்பின் காதுக்குப் பின்னால் துடைத்தான். இன்னும் கொஞ்சம் எடுத்துத் தோளில் தடவினான். பொய் என்று அவன் நினைக்கவில்லை. எப்படியும் வரப்போகிற நிறம்தானே, நாலு நாள் முன்னால் வந்தால் என்ன என்று நினைத்தான்.

ஜூலியா உள்ளே வந்ததும் மண்டியிட்டுக் குட்டியைப் பார்த்தாள். "அடடே, காதோரம் பாருங்க, தெளியுது!" என்றாள். முகமெல்லாம் மலர்ந்தது. எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மர்ட்டியையே பார்த்தாள். பிரைடி வேண்டுமென்றே கோழிகளைப் பார்க்க வெளியே போனாள்.

கேட்கவேண்டிய நேரம் அதுதான். மர்ட்டி வாயைத் திறந்தான். அவன் விரல் நுனியில் மாவு ஒட்டியிருந்தது. மாவைக் காட்டிப் பெண் கேட்பதா?

"டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டான்.

ஜூலியாவின் முகம் வாடிவிட்டது. "வேண்டாம்" என்றாள். போகும்போது குட்டியை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிரைடி திரும்பி வந்தாள். "கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"டீ வேண்டாமாம்."

"உன்னையெல்லாம் பெத்ததுக்கு அம்மா நாலு கன்னுக்குட்டி வளர்த்திருக்கலாம்!"

ஞாயிற்றுக்கிழமை தெளிந்த குட்டி திங்கட்கிழமை கறுத்துப்போனால் ஊர் சும்மா இருக்குமா? மர்ட்டி தினமும் மாவு பூசவேண்டியதாயிற்று. இதற்குள் இன்னொரு இடி. ஜூலியாவின் குட்டியும் தெளிய ஆரம்பித்துவிட்டது என்று செய்தி வந்தது. அடுத்து கோர்னியின் குட்டி. அதற்கடுத்து மிஸ் ப்ரீனுடையது. 'சுமாராத்தான் தெளியும்' என்று இவன் தள்ளிவிட்ட குட்டிகள்! முதல் குட்டியைப் பொறுக்கியவன் பின்தங்கலாமா? மர்ட்டி காதிலிருந்து முதுகுக்கு முன்னேறினான், முதுகிலிருந்து வாலுக்கு.

எங்கள் ஊரில் மாவு பூசிய நாயை வைத்துக்கொண்டு வாழ்வது லேசல்ல. மழை பெய்யாத நாளை நாங்கள் பார்த்ததே அபூர்வம். ஒருநாள் தூறலில் மாவு பசையாகி, அடுப்பருகே படுத்ததும் பிஷப் ஓரங்களில் முறுக ஆரம்பித்தான். பிரைடியின் கோழிகள் அவன் பின்னாலேயே ஊர்வலமாகப் போய் முதுகைக் கொத்தின. மாவு வேண்டாமென்று அடுப்புச் சாம்பலுக்கு மாறினான். பிஷப் தும்மத் தொடங்கி, தும்மலுக்குத் தும்மல் ஒரு மேகம் கிளம்பியது. பிறகு பிரைடியின் முகப் பவுடர். நிறம் அருமையாக வந்தது, ஆனால் நாய் கல்யாணப்பெண் மாதிரி மணந்தது.

"என் பவுடர் டப்பா ஏன்டா காலியா இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீ பூசிக்கறியாடா மர்ட்டி? சொல்லித் தொலை. அதுவும் ஜூலியாவுக்காகன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் என்ன பதில் சொல்வான்? "ஆமா" என்று தலையைக் குனிந்துகொண்டான். பிரைடி அவனுக்குத் தனியாக ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தாள். அந்த அன்பில் மர்ட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதி வாழ்க்கையை நனைந்தே கழித்தவன், நாய்க்காகக் குடை வாங்கினான். வழியில் ஜூலியாவைப் பார்த்தால் குட்டியைக் கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு வேறு பாதையில் இறங்கினான். ஜூலியாவும் தன் குட்டியைக் கிட்டே காட்டவில்லை. "தொடாதீங்க, இப்பத்தான் சீவிவிட்டேன்" என்றாள். கோர்னி தன்னுடையதைக் கடையின் உள்ளறையில் வைத்துப் பூட்டினான். நிஜமாகவே தெளிந்த நாய் வைத்திருக்கிறவர்களுக்கு எவ்வளவு கர்வம் என்று மர்ட்டி நினைத்துக்கொண்டான். நினைக்க நினைக்க அவன் நெஞ்சு குறுகியது. நேர்மையான மனிதர்கள் நடுவில் தான் ஒருவன் மட்டும் திருடன்.

கடைசியில் தாங்கமுடியாமல் ஒரு சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான்.

"என்னை ஆசீர்வதியும் ஃபாதர், நான் பாவி. பிஷப்புக்குத் தினமும் மாவு பூசறேன் ஃபாதர்."

மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் பிராஸ்னன் காதைக் கிட்டே கொண்டுவந்தார்.

"எந்த பிஷப்புக்குப்பா?"

"என் நாய் ஃபாதர்."

"ஓ." பெருமூச்சு ஒன்று தட்டியைத் தாண்டி வந்தது. "மாவு மட்டும்தானா, இல்லே சாக்பீஸ் தூளும் உண்டா?"

"சாக்பீஸா? அது எனக்குத் தோணவே இல்லையே ஃபாதர்!"

"நான் யோசனை சொல்லலைப்பா! கேட்டேன், அவ்வளவுதான்."

மர்ட்டி உள்ளதெல்லாம் கொட்டினான். "ஜூலியா நம்பறாங்க ஃபாதர். அவங்க முகத்தைப் பார்க்க வெட்கமா இருக்கு. நிறுத்தினா மானம் போயிடும். நிறுத்தலைன்னா அவங்ககிட்ட வாயைத் திறந்து ஒண்ணும் கேட்க முடியாது. ரெண்டு பக்கமும் இடிக்குது."

"உண்மையைச் சொல்லிடேன்பா."

"முடியலையே ஃபாதர்."

"ஆமா" என்றார் ஃபாதர், மிகவும் தாழ்ந்த குரலில். "உண்மையைச் சொல்றது யாருக்குமே சுலபமில்லை. முழு ஜெபமாலையும் முழங்கால்ல நின்னு சொல்லு. போ."

வெளியே வந்து பார்த்தால் ஜூலியா முழங்காலில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மிஸ் ப்ரீன். உயிர்ப்புத் திருநாளுக்கு மட்டும் கோயில் பக்கம் எட்டிப் பார்க்கிற கோர்னிகூட ஒரு தூணோரம் முட்டி வலியோடு முழங்காலில் நின்றான். ஊரில் பக்தி இப்படிப் பெருகியிருக்கிறதே, நான் ஒருவன்தானே இதற்குள் பாவி என்று மர்ட்டி கூனிக் குறுகிக் கடைசி வரிசையில் போய் மண்டியிட்டான்.

ஆனாலும் மனுஷ புத்தி பாருங்கள். ஜெபமாலை முடிந்ததும் நேராகத் தபால் ஆபீஸ் கடைக்குப் போய், "சாக்பீஸ் இருக்கா?" என்று கேட்டான்.

மிஸ் ப்ரீன் காது வரை சிவந்தாள். "தீர்ந்துபோச்சு" என்று சொல்லி, தபால் தலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

ஆகஸ்ட்டில் மாதாவின் திருநாள் வரும். அன்றைக்குக் கோயில் மைதானத்தில் ஓட்டப் பந்தயம், கயிறிழுப்பு, நாய்க் கண்காட்சி எல்லாம் உண்டு. ஏற்பாட்டுக் கூட்டத்தில் மர்ட்டியின் அக்கா பிரைடியே எழுந்தாள். தம்பியின் கல்யாணத்தை எப்படியாவது நகர்த்திவிட வேண்டும் என்று அவளுக்கு.

"மேஜரோட பிள்ளைங்க நாலும் தெளிஞ்சாச்சு. நாலையும் ஒண்ணா நிறுத்திப் பார்த்தா ஊருக்கே பெருமையில்லையா?"

ஊர் கைதட்டியது. நாலு பேர் மட்டும் தட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்ததெல்லாம் ஃபாதர் பிராஸ்னன் துள்ளி எழுந்ததைத்தான்.

"வேண்டாம்! மழை வரும்!"

கூட்டம் அவரை விநோதமாகப் பார்த்தது. மழை வரும் என்பதற்காக ஒன்றைச் செய்யாமல் விடுவதென்றால் எங்கள் ஊரில் யாரும் ஞானஸ்நானம்கூட வாங்கியிருக்க முடியாது. ஃபாதர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார், உட்கார்ந்துவிட்டார்.

திருநாள் காலையில் மர்ட்டி மாவு, சாம்பல், பவுடர் மூன்றையும் கைப்பக்குவமாகக் கலந்தான். பிஷப்பை வாலிலிருந்து மூக்கு வரை பூசினான். இன்றோடு சரி, நாளைக்கு ஜூலியாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டான். இந்த நேர்த்திக்கடனை அவன் ஏற்கெனவே பல வாரங்களாக நேர்ந்துகொண்டுதான் வருகிறான்.

மைதானத்தில் நாலு குட்டிகளும் வரிசையாக நின்றன. பிஷப், அவனுக்குப் பக்கத்தில் ஜூலியாவுடையது, பிறகு கோர்னியுடையது, கடைசியில் மிஸ் ப்ரீனுடையது. நாலும் என்ன நீலம்! எதிரே மேஜர் பெரிய மனுஷனாட்டம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிரைடி பூரித்துப்போனாள். "அப்பனை உரிச்சு வெச்சிருக்கு பாருங்க!" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

முதல் துளி மர்ட்டியின் மூக்கில் விழுந்தது.

மழைக்கு ஓடுகிறவனை நாங்கள் வெளியூர்க்காரன் என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் அன்றைக்கு மர்ட்டி பிஷப்பை அள்ளிக்கொண்டு பிடரியில் கால் பட ஓடினான். நாலடி போயிருக்க மாட்டான், எதிரே ஓடிவந்த கோர்னிமேல் மோதி இருவரும் சேற்றில் விழுந்தார்கள். மிஸ் ப்ரீன் அவர்கள் மேல் தடுக்கி விழுந்தாள். அதற்குள் வானம் பிளந்துகொண்டது.

பிஷப்பின் முதுகிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. மர்ட்டி கண்ணை மூடிக்கொண்டான். ஊர் சிரிக்கப்போகிறது என்று காத்திருந்தான். சிரிப்பு வரவில்லை. கண்ணைத் திறந்தான். கோர்னியின் குட்டியிலிருந்தும் வெள்ளை வழிந்தது. மிஸ் ப்ரீனின் குட்டியிலிருந்து சாக்பீஸ் கரைந்து தாரை தாரையாக ஓடியது. கொஞ்சம் தள்ளி ஜூலியா தன் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் நல்ல உடுப்பின் முன்பக்கமெல்லாம் மாவு. கைகளில் கன்னங்கறுப்பாக ஒரு நாய்.

"யோவ்" என்றான் கோர்னி, சேற்றில் உட்கார்ந்தபடியே. "நீயுமா?"

"நீ எப்ப ஆரம்பிச்சே?" என்றான் மர்ட்டி.

"உன்னோடது தெளிஞ்சுதுன்னு கேள்விப்பட்டதும்தான்! சுமாரான குட்டியை எடுத்தவன்னு என் முகத்துல கரி பூசுவியேன்னு பயந்து."

"நானும் அதனாலதான்" என்றாள் மிஸ் ப்ரீன், அழுகுரலில்.

மர்ட்டிக்குப் பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்று இருந்தது. ஒருவன் காதோரம் தடவிய ஒரு சிட்டிகை மாவு மூன்று நல்ல மனிதர்களைப் பொய்யர்களாக்கி ஜெபமாலையோடு முழங்காலில் நிறுத்தியிருக்கிறது. அதோடு முடியவில்லை.

"அப்போ நாலுமே கறுப்பு" என்று கோர்னி மெதுவாகக் கணக்குப் போட்டான். "ஒண்ணு ரெண்டுன்னா ஜெஸ்ஸி பக்கம்னு சொல்லலாம். நாலுமேன்னா... கோளாறு மேஜர்கிட்டத்தான்."

கூட்டம் மேஜரைப் பார்த்தது, மர்ட்டியைப் பார்த்தது. பிறகு வானத்தைப் பார்த்து, காற்று மேற்கேயிருந்து வருகிறதா தெற்கேயிருந்து வருகிறதா என்று பேச ஆரம்பித்தது. பிரைடி முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மர்ட்டி எழுந்து ஜூலியாவின் முன்னால் போய் நின்றான். தலையை நிமிர்த்தவில்லை.

"குட்டி தெளியலை ஜூலியா. தெளியவும் தெளியாது. அன்னைக்கு நீங்க பார்த்தது ரொட்டி மாவு. என்னை மன்னிச்சிடுங்க. நான் கேட்க வந்ததையும் மறந்துடுங்க."

"நான் எதுக்குப் பூசினேன்னு நினைக்கிறீங்க?" என்றாள் ஜூலியா. "உங்களோடது தெளிஞ்சும் நீங்க கேட்கலை. கறுப்பு நாய் வெச்சிருக்கிற வீட்டுல சம்பந்தம் வேண்டாம்னு நினைக்கிறீங்களோன்னு நினைச்சேன். என்கிட்ட இருந்த மாவு எல்லாம் இவன் மேலதான் போச்சு. ரெண்டு மாசமா நான் ரொட்டியே சுடலை."

"ஐயோ ஜூலியா!"

"ஐயோன்னு சொன்னா போதுமா? இப்பவாவது கேளுங்களேன்."

மர்ட்டி நனைந்த தொப்பியைக் கழற்றினான். வாயைத் திறந்தான். அவன் பார்வை மேஜர்மேல் போயிற்று. இத்தனை வருஷம் அவன் நிமிர்ந்து நடந்தது அந்த நாயால்தான்.

"மேஜர் ரத்தமே சரியில்லைன்னு ஊர் முன்னால ஆயிடுச்சே. எந்த முகத்தோட நான் கேட்பேன்?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபாதர் பிராஸ்னன் வந்தார். அவர் வந்தார் என்பதைவிட, அவருடைய கறுப்பு லாப்ரடார் சாம்சன் அவரைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்தது என்பதுதான் சரி. அது நேராக நாலு குட்டிகளிடமும் போய், ஒவ்வொன்றின் காதையும் உரிமையோடு நக்கிக் கொடுத்தது. ஃபாதர் மழையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர் முகம் போல இருந்தது.

"மேஜர் மேல பழி போடாதீங்க. நீ அவனை ஜெஸ்ஸிகிட்ட கூட்டிட்டுப் போனதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, நான் பூசை வெச்சிட்டிருந்த நேரம் பார்த்து, எங்க சாம்சன் ஜூலியா வீட்டு வேலியைத் தாண்டிட்டான் மர்ட்டி; ஊர்ல எல்லாரும் என்கிட்ட வந்து பாவத்தைச் சொன்னீங்க, எனக்குத்தான் சொல்ல தைரியம் வரலை... இந்த நாலுக்கும் தாத்தா நான்தான்."